சிறு துளையினுள் ஓர் இயந்திரக் கை

அறுவை மருத்துவத்திற்கு உட்படும் நோயாளி இரண்டு காயங்களைச் சுமக்கிறார். ஒன்று, நோயுற்ற உறுப்பில் மருத்துவர் செய்யும் காயம். மற்றொன்று, அவ்வுறுப்பைச் சென்றடைவதற்காக நலமான தோலையும் தசையையும் பிளந்து வழி அமைக்கும் காயம். முன்னையது மருத்துவம், பின்னையது மருத்துவத்திற்குச் செல்லும் பாதை மட்டுமே. ஆயினும் நோயாளியைப் படுக்கையில் பல நாள் கிடத்துவதும், சீழ் பிடிப்பதும், தழும்பாக நிலைத்து நிற்பதும் பெரும்பாலும் இந்தப் பாதையின் காயமே. பித்தப்பை ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடக் கூடிய உறுப்பு. அதை அகற்ற ஒரு காலத்தில் வயிற்றை ஏறக்குறைய ஒரு சாண் நீளத்திற்குத் திறக்க வேண்டியிருந்தது.

இப்பாதையின் காயத்தைக் குறைப்பது எங்ஙனம் என்னும் கேள்வியே கடந்த நூறாண்டுக்கால அறுவை மருத்துவத்தின் பெரும் முயற்சிகளுள் ஒன்று. ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுடன் வயிற்றினுள் நுழைந்து வேலை செய்யும் இயந்திரக் கைகளும், அரிசி மணி அளவே உடைய காந்த இயந்திரங்களும் அம்முயற்சியின் அண்மைக்கால விளைவுகள். அவை எவ்வாறு இயங்குகின்றன, எதனைச் சாதித்துள்ளன, எவ்விடத்தில் நாம் நிதானித்துச் சிந்திக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய கேள்வி

கேள்வி புதியதன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 'கிதாபுத் தஸ்ரீஃப்' எனும் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை இயற்றினார். அதன் முப்பதாம் பகுதி அறுவை மருத்துவத்திற்கே உரியது. ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்கள் அதில் இடம்பெற்றன. கிரெமோனா நகரத்து ஜெரார்ட் 12ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவில் அதனை இலத்தீனில் பெயர்த்த பின்னர், ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதனைப் பாடநூலாகக் கொண்டனர்.

அக்கருவிகளுள் ஒன்று 'மிஷ்அப்' எனும் மெல்லிய துளைக்கருவி. சிறுநீர்ப் பாதையில் கல் சிக்கிக்கொண்டால், உடலைக் கீறாமல், அப்பாதையின் வழியாகவே இக்கருவியை உட்செலுத்தி, மெல்லத் திருகிக் கல்லை உடைக்க அவர் வழி கூறுகிறார். உடலில் இயல்பாக அமைந்த வாயிலைப் பயன்படுத்துவது, கருவியை அவ்வாயிலுக்கு ஏற்பச் சிறிதாக்குவது, புதிய காயம் செய்யாதிருப்பது ஆகிய மூன்று கருத்துகளும் அதில் அடங்கியுள்ளன. இன்றைய மின் இயந்திரங்களை அஸ்ஸஹ்ராவி முன்கூட்டியே கண்டார் என்று சொல்வது மிகைக் கூற்று. அவ்வாறு சொல்லத் தேவையுமில்லை. ஒரே கேள்வியை அவரும் இன்றைய பொறியாளரும் எதிர்கொண்டனர் என்பதே போதுமானது.

சாவித்துவார அறுவை

வயிற்றைத் திறவாமல் உள்ளே நோக்கும் முயற்சியை 1901இல் டிரெஸ்டன் நகரத்தைச் சேர்ந்த கெயோர்க் கெல்லிங் ஒரு நாயின் உடலில் செய்து காட்டினார். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஜாக்கோபேயஸ் 1910இல் மனிதரிடம் அதனைச் செய்தார். பெரும்பாலும் நோக்குவதற்கே பயன்பட்ட இம்முறை பொது அறுவைக்குள் நுழைய மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்னும் மகளிர் நோய் மருத்துவர் இவ்வாறே குடல்வாலை அகற்றினார். பாராட்டுக்குப் பதிலாக, அவரை மருத்துவப் பணியிலிருந்து இடைநிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையே ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத் தலைவரிடமிருந்து எழுந்தது. 1985இல் எரிக் மூஹெ பித்தப்பையை இம்முறையில் அகற்றியபோதும் ஏளனமே மிஞ்சியது. பின்னர் 1992இல் அதே சங்கம் அவருக்குப் பரிசளித்தது.

லேப்ராஸ்கோப்பி என்று மருத்துவமனைகளிலும், சாவித்துவார அறுவை என்று பேச்சு வழக்கிலும் அழைக்கப்படும் இம்முறையில், வயிற்றினுள் கரியமில வாயுவைச் செலுத்திக் கூடாரம்போல் உயர்த்துகின்றனர். ஐந்து முதல் பன்னிரண்டு மி.மீ. வரையான சில துளைகளின் வழியே ஒளிப்படக் கருவியையும் நீண்ட குச்சி போன்ற கருவிகளையும் உட்செலுத்துகின்றனர். மருத்துவர் திரையைப் பார்த்து வேலை செய்கிறார். நோயாளிக்கு வலி குறைவு. வீடு திரும்புதல் விரைவு.

ஆனால் நோயாளிக்குக் கிட்டிய எளிமைக்கு மருத்துவரின் கை விலை கொடுத்தது. படகின் துடுப்பை எண்ணிப் பாருங்கள். துடுப்பு படகின் விளிம்பில் ஊன்றி நிற்பதால், கைப்பிடியை ஒருபுறம் தள்ளினால் அலகு மறுபுறம் செல்கிறது. வயிற்றுச் சுவரில் உள்ள துளையும் அவ்வாறே ஓர் ஊன்றுபுள்ளி. மருத்துவர் வலப்புறம் அசைத்தால் கருவியின் முனை இடப்புறம் நகரும். மேலும், மணிக்கட்டு இல்லாத விறைத்த குச்சி அது. உள்ளே போதல், வெளியே வருதல், சுழலுதல், இருதிசைச் சாய்வு என்பவற்றுக்கு மேல் அதனால் இயலாது. கை நடுக்கமோ நீண்ட குச்சியின் முனையில் பெருகித் தோன்றும். இத்தகைய கருவியால் ஒரு தையலிடுவது கூட நெடும் பயிற்சி வேண்டும் செயலாயிற்று.

இயந்திரம் வந்த வழி

இக்குறைகளை நீக்கவே ரோபோ எனும் இயந்திரக் கை அறுவை அரங்கினுள் வந்தது. 1985இல் கலிஃபோர்னியாவில், தொழிற்சாலைப் பணிக்கென உருவான பூமா 560 எனும் இயந்திரக் கை, மூளையிலிருந்து திசு எடுக்கும் ஊசிக்கு வழிகாட்டப் பயன்பட்டது. 2000ஆம் ஆண்டில் டா வின்சி எனும் இயந்திரத்திற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பொது அறுவைக்கு அனுமதி வழங்கியது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கே களைய வேண்டும். 'ரோபோ அறுவை' என்றதும், இயந்திரம் தானே முடிவெடுத்து அறுக்கிறது என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. மருத்துவர் சில அடி தொலைவில் ஒரு மேசையின் முன் அமர்ந்து, முப்பரிமாணக் காட்சியைக் கண்டவாறு விரல்களை அசைக்கிறார். கணினி அவ்வசைவை வாங்கி, கை நடுக்கத்தை வடிகட்டி, பேரசைவைச் சிற்றசைவாகச் சுருக்கி, நோயாளியின் உடலுள் இருக்கும் கருவிக்கு அனுப்புகிறது. துடுப்பின் தலைகீழ் அசைவைக் கணினி நேராக்கிவிடுகிறது. கருவியின் முனையில் மணிக்கட்டுப் போன்ற மூட்டு இருப்பதால், அது மனிதக் கையைப்போல் வளைந்து திரும்புகிறது. எழுதுகோல் எழுதுவதில்லை, எழுதுபவர் எழுதுகிறார் என்பதுபோல, இயந்திரம் அறுப்பதில்லை, மருத்துவரே அறுக்கிறார்.

கையும் கருவியும் மின்குறிகளால் மட்டுமே இணைந்திருக்குமாயின், இடையில் கடல் இருந்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் அமர்ந்திருந்த ழாக் மரெஸ்கோ, ஃபிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்த 68 வயதுப் பெண்ணின் பித்தப்பையை ஸீயஸ் எனும் இயந்திரத்தின் துணையால் அகற்றினார். அசைவு சென்று காட்சி திரும்பிவர ஆன தாமதம் சராசரி 155 மில்லி விநாடிகளே.

பெரிய இயந்திரம், சிறிய காயம்

இங்கு ஒரு முரண் தோன்றியது. காயம் சிறிதாகியது, இயந்திரமோ பெருத்தது. உடலுள் செல்லும் கருவியின் பருமன் எட்டு மி.மீ. மட்டுமே. அதனைத் தாங்கும் கைகளும் தூணும் சேர்ந்து அரை டன்னுக்கும் மேல் எடையுள்ளவை. விலை அமெரிக்க நாணயத்தில் பத்து இலட்சங்களைத் தாண்டும். அகன்ற அரங்கும் பயிற்சி பெற்ற பெரும் குழுவும் தேவை. ஆகவே பெருநகர மருத்துவமனைகளின் எல்லைக்குள்ளேயே அது நெடுங்காலம் தங்கிவிட்டது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஷேன் ஃபாரிட்டர் எனும் பொறியாளரும் டிமிட்ரி ஒலெய்னிகோவ் எனும் அறுவை மருத்துவரும் கேள்வியைத் திருப்பிப் போட்டனர். உடலுக்கு வெளியே பெரிய கைகளை நிறுத்தி உள்ளே குச்சிகளை நீட்டுவதேன்? கைகளையே சிறிதாக்கி உள்ளே அனுப்பினால் என்ன? தொடக்கத்தில் அவர்களுடைய குழு, வயிற்றினுள் உருண்டு செல்லும் சக்கரங்களையுடைய சிறிய படக்கருவிகளைச் செய்து பன்றிகளிடம் சோதித்தது. 2006இல் ஒரு நிறுவனமாக வளர்ந்த அம்முயற்சியின் விளைவே 'மிரா' எனும் இயந்திரம். அதன் எடை ஏறத்தாழ 900 கிராம். தொப்புளில் இடப்படும் ஒரே கீறல் வழியாக இரண்டு சிறு கைகளும் அவற்றின் நடுவே ஒரு படக்கருவியும் உட்செல்கின்றன. உள்ளே சென்ற பின்னர் கைகள் தோளிலும் முழங்கையிலும் மடங்கி, எதிரெதிரே நின்று திசுவைப் பிடிக்கவும் அறுக்கவும் தைக்கவும் செய்கின்றன. மூட்டுகள் வயிற்றினுள்ளேயே இருப்பதால், துளை ஓர் ஊன்றுபுள்ளியாக நின்று தொல்லை தருவது பெரிதும் குறைகிறது.

இவ்வரிசையின் முந்தைய வடிவம் ஒன்று 2016இல் பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் முதன்முதலாக மனிதரிடம் பெருங்குடல் அறுவைக்குப் பயன்பட்டது. 2021இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 'மிரா' கொண்டு ஒருவரின் பெருங்குடலின் வலப்பகுதி அகற்றப்பட்டது. 2024 பிப்ரவரியில் பெருங்குடல் அறுவைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது. அதே மாதத்தில் அதன் உடன்பிறப்பு ஒன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், சிறு பெட்டி ஒன்றினுள் இருந்தவாறு இயங்கியது. லிங்கன் நகரில் அமர்ந்த மருத்துவர்கள், புவிக்கு மேலே ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில், திசுவுக்குப் பதிலாக இழுத்துக் கட்டப்பட்ட ரப்பர்ப் பட்டைகளை அறுத்துக் காட்டினர். தாமதம் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவு. ரப்பரை அறுப்பதற்கு அது பொருட்டன்று. குருதி பீறிடும் நாளத்தைப் பிடிப்பதற்கு அது நெடுநேரம். எனவே இதனை விண்வெளி அறுவை என்று கொண்டாடுவதைவிட, மருத்துவர் இல்லாத தொலைவூருக்கு மருத்துவரின் கையை அனுப்பும் முயற்சியின் முதற்படி என்று கொள்வதே பொருத்தம்.

இன்னும் சிறிதாக

1959 டிசம்பரில் ரிச்சர்ட் ஃபைன்மன் எனும் இயற்பியலாளர் கலிஃபோர்னியாவில் ஆற்றிய உரையொன்றில், அறுவை மருத்துவரையே விழுங்கிவிடும் கற்பனையைத் தம் நண்பர் ஆல்பர்ட் ஹிப்ஸ் கூறியதாக எடுத்துரைத்தார். குருதி நாளத்தினுள் சென்று பழுதைச் சீர்செய்யும் ஓர் இயந்திரம் என்பதே அக்கற்பனை.

அதன் எளிய வடிவம் 2001இல் கைகூடியது. 26 மி.மீ. நீளமும் 11 மி.மீ. விட்டமும் உடைய மாத்திரை வடிவப் படக்கருவி அவ்வாண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளி அதனை விழுங்குகிறார். குடலின் இயல்பான அசைவே அதனைத் தள்ளிச் செல்ல, அது ஆயிரக்கணக்கான படங்களை வெளியே அனுப்புகிறது. குழாய் எட்டாத சிறுகுடலின் நடுப்பகுதியும் இதனால் கண்ணுக்குப் புலனாயிற்று. ஆயினும் அது பார்க்க மட்டுமே அறிந்தது. நிற்கவோ திரும்பவோ அறியாது. வெளியிலிருந்து காந்தத்தால் செலுத்தப்படும் மாத்திரை, இரைப்பையைப் பார்ப்பதற்காக 2020இல் அங்கு அனுமதி பெற்றது.

கண்ணினுள் வேறொரு வகைச் சிறுமை வேண்டப்படுகிறது. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் ராபர்ட் மெக்லாரன், நெதர்லாந்தில் உருவான இயந்திரத்தைக் கொண்டு விழித்திரையின்மேல் படர்ந்திருந்த சவ்வை உரித்தெடுத்தார். அச்சவ்வின் தடிப்பு ஒரு மி.மீட்டரின் நூற்றிலொரு பங்கு. கருவி நுழைந்த துளை ஒரு மி.மீட்டருக்கும் குறைவு. தேர்ந்த மருத்துவரின் கையிலும் நாடித் துடிப்பால் எழும் அசைவு உண்டு. அத்தடிப்பிற்கு முன் அவ்வசைவே பேரசைவு. அதனை இயந்திரம் நீக்கித் தந்தது.

இயந்திரத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஓரெல்லையில் இயற்கையின் கணக்கு மாறுகிறது. ஒரு பொருளின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் மேற்பரப்பு நான்கிலொன்றாகிறது, பருமனோ எட்டிலொன்றாகிறது. மின்கலத்தின் ஆற்றல் பருமனைச் சார்ந்தது. ஒட்டுதலும் உராய்வும் மேற்பரப்பைச் சார்ந்தவை. ஆகவே சிறிய இயந்திரம் வலிமையை விரைந்து இழக்கிறது. தடையையோ மெல்லத்தான் இழக்கிறது. நீந்துவதும் கடினமாகிறது. நுண்ணிய உடலுக்கு நீரும் தேன்போல் கெட்டியானது. கடலில் கிளிஞ்சல் ஒன்று தன் ஓடுகளைத் திறந்து மூடி முன்னேறும். நுண்ணுலகில் அதே அசைவு முன்னே சென்ற அளவுக்குப் பின்னே கொண்டுவந்து விடும். இதனை எட்வர்ட் பர்செல் எனும் இயற்பியலாளர் 1977இல் விளக்கினார். பாக்டீரியா தன் சுருள்வாலைத் திருகாணிபோல் சுழற்றி முன்செல்லும் விந்தை இதனாலேயே. அவ்வமைப்பைப் பார்த்தே இன்றைய ஆய்வாளரும் சுருள் வடிவ நுண்ணியந்திரங்களைச் செய்கின்றனர்.

மின்கலத்தை உள்ளே வைக்க இயலாதெனில், ஆற்றலை வெளியிலிருந்தே தர வேண்டும். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் துருக்கியரான மெத்தின் சித்தியின் குழு 2018இல் வெளியிட்ட இயந்திரம் இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ நான்கு மி.மீ. நீளமுள்ள மென்மையான சிலிகான் பட்டை அது. காந்தத் துகள்கள் அதில் கலந்துள்ளன. அதில் மோட்டாரும் இல்லை, கம்பியும் இல்லை. வெளியிலுள்ள காந்தப் புலம் மாற மாற அது நடக்கிறது, உருள்கிறது, தாவுகிறது, நீந்துகிறது, சிறு பொருளைச் சுமக்கிறது. ஆயினும் ஆய்வகக் கிண்ணத்திற்கும் மனித உடலுக்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது. உடலின் ஆழத்தில் காந்த விசை விரைவில் தேய்கிறது. அத்துணைச் சிறு பொருள் இருக்குமிடத்தைத் தொடர்ந்து காண்பது அரிது. ஓடும் குருதி அதனை அடித்துச் செல்லும். வேலை முடிந்தபின் அதனை மீட்கவோ கேடின்றிக் கரைக்கவோ வேண்டும்.

சிறு காயமெல்லாம் சிறந்த மருத்துவமா?

இதுவரை கூறியவை இயந்திரத்தின் பெருமை. நோயாளியின் பக்கம் நின்று கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதனால் நலம் மிகுந்ததா?

மலக்குடல் புற்றுநோய்க்கான அறுவையில், ரோபோவையும் சாதாரண லேப்ராஸ்கோப்பியையும் 471 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வொன்று 2017இல் வெளியானது. இடையில் முயற்சியைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க நேர்ந்தவர்கள் ரோபோப் பிரிவில் நூற்றுக்கு 8.1, மற்றதில் 12.2. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடிய அளவினது என்றே ஆய்வாளர் முடிவு கூறினர்.

2018இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கனமானது. கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையில் இருந்த 631 பெண்களுள் ஒரு பாதியினருக்கு வயிற்றைத் திறந்தும், மறுபாதியினருக்குச் சிறு துளைகள் வழியாகவும் கருப்பை அகற்றப்பட்டது. நாலரை ஆண்டுகளின் முடிவில் நோய் மீளாதிருந்தோர் திறந்த அறுவையில் நூற்றுக்கு 96.5, சிறு துளை அறுவையில் 86. மூன்றாண்டுகளின் முடிவில் உயிரோடிருந்தோரும் முறையே 99.0, 93.8. அழகிய சிறு தழும்பு பெற்றவர்களே கூடுதலாக நோய்க்கும் இறப்புக்கும் ஆளாயினர். சிறு துளைப் பிரிவினருள் பெரும்பாலோர் சாதாரண லேப்ராஸ்கோப்பிக்கும், சிலரே ரோபோவுக்கும் உட்பட்டவர்கள். ஆகவே இது ஓர் இயந்திரத்தின் மீதான தீர்ப்பன்று. சிறிய காயம் எப்போதும் சிறந்தது என்ற எண்ணத்தின் மீதான தீர்ப்பு. பித்தப்பைக்கு நன்மையானது புற்றுநோய்க்கும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதில்லை. பாதையின் காயத்தைக் குறைக்கும் ஆர்வத்தில், பாதை எதற்காக என்பதை மறந்துவிடலாகாது.

பொறுப்பு யாருடையது?

அஸ்ஸஹ்ராவி தம் நூலின் அறுவைப் பகுதிக்கு எழுதிய முன்னுரையில், உடற்கூறு அறியாதவர் கத்தியைத் தொடலாகாது என எச்சரிக்கிறார். ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கட்டியை அறுக்கப் புகுந்த அறியாமை மருத்துவன் ஒருவன் நாளத்தைத் துண்டித்ததால் அவள் குருதி பெருகி இறந்ததை அவர் அங்கே பதிவு செய்கிறார். கருவிகளின் படங்களுக்கு முன்னே இவ்வெச்சரிக்கையை வைத்தது கருத்தூன்றி நோக்கத்தக்கது.

ஃபிக்ஹ் அறிஞர்கள் இதனை 'ளமான்' எனும் ஈட்டுப் பொறுப்பின் கீழ் ஆராய்ந்தனர். மருத்துவம் அறிந்தவரென அறியப்படாத நிலையில் மருத்துவம் செய்து தீங்கிழைத்தவர் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் உள்ளது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் 'ஸாதுல் மஆதி'ல் இதனை விரித்துரைக்கிறார். தகுதியுடையவர், நோயாளியின் அனுமதியுடன், கலையின் நெறி வழுவாது செய்த பின்னரும் தீங்கு நேர்ந்தால் அவர்மீது ளமான் இல்லை. தகுதியற்றவர்க்கும் எல்லை மீறியவர்க்கும் உண்டு. அறிவு, அனுமதி, நெறி ஆகிய மூன்றுமே அளவுகோல்கள்.

இவ்வளவுகோல்களை இயந்திர அறுவையில் பொருத்திப் பார்ப்போம். திறந்த அறுவையில் கைதேர்ந்தவர் இயந்திரத்தின் முன் புதியவராக இருக்கலாம். ஆகவே 'அறிவு' என்பதில் அக்கருவியில் பெற்ற பயிற்சியும் அடங்கும். 'அனுமதி' என்பது கையொப்பம் மட்டுமன்று. வேறு முறைகள் எவை, அவற்றின் விளைவு எத்தகையது என்பதை அறிந்து நோயாளி தரும் இசைவு. மின்தொடர்பு அறுந்தாலோ இயந்திரம் நின்றாலோ உடனே திறந்த அறுவைக்கு மாறக்கூடியவர் நோயாளியின் அருகில் இருப்பது 'நெறி'யின் பகுதி.

கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. 2022இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இயந்திரம் ஒன்று, நான்கு பன்றிகளின் குடலை மனிதக் கையின் வழிகாட்டல் பெரிதுமின்றித் தானே தைத்து இணைத்தது. எழுதுகோல் தானே எழுதத் தொடங்குமாயின் பிழைக்கு யார் பொறுப்பு? செய்தவரா, விற்றவரா, இயக்கியவரா, அனுமதித்தவரா? இயந்திரத்துக்கு நிய்யத் இல்லை. அதன்மீது பொறுப்பைச் சாட்ட இயலாது. பொறுப்பைச் சுமப்பவர் மனிதராகவே இருக்க வேண்டும். அவர் யார் என்பது கத்தி எடுக்கப்படுவதற்கு முன்பே தெளிவாக வேண்டும். சட்ட அறிஞரும் நம் மார்க்க அறிஞரும் பொறியாளருடன் அமர்ந்து ஆராய வேண்டிய பொருள் இது.

விலையும் இதனோடு சேர்ந்ததே. இந்தியாவிலேயே உருவான 'மந்த்ரா' எனும் அறுவை இயந்திரம் இப்போது பயன்பாட்டில் உள்ளது. போட்டி பெருகி இயந்திரங்களும் சிறுத்தால், அவை எளியோர் நாடும் மருத்துவமனைகளையும் எட்டக்கூடும். அதுவரை, அறுவை பரிந்துரைக்கப்பட்ட குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு: இந்நோய்க்கு இம்முறையின் பயன் ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளதா? இவ்வறுவையை இக்கருவியால் தாங்கள் எத்தனை முறை செய்துள்ளீர்கள்? கூடுதற் செலவுக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை யாது? நல்ல மருத்துவர் இவற்றைக் கேட்டுச் சினங்கொள்ளார். தம் கையில் ஒப்படைக்கப்படும் உடல் ஓர் அமானிதம் என்பதை உணர்ந்தவர், இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அக்கேள்விகளுக்கு விடை சொல்லி இருப்பார்.